பிள்ளை மடுவத்தில் கைப்பேச்சு

நான் வாயால் பேச ஆரம்பித்தது மூன்று வயதில். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் கையால் பேசிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் போனது என்பாள் அம்மா. பிறவியிலேயே அப்படித்தான் என்பார் அப்பா. எப்படிப் போனால் என்ன, போனது போனதுதான். என்னைவிட அவள் ஏழு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் காலையில் ஆளெண்ணுகிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டால், வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் பகல் முழுக்க நானும் அவளும்தான். அவள் கையைக் காட்டுவாள், நான் திருப்பிக் காட்டுவேன். பசி, தண்ணீர், மழை, அடுப்பு சுடும், அப்பா கோபமாக இருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. தேவைப்பட்டது, வந்தது.

மூன்று வயதில் திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை என்று எங்கள் லயத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். கையைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை ஊமையாகிவிடும் என்று என் காதுபடச் சொன்னவர்களுக்கெல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வேன்: "என்னயப் பாத்தா ஊமையாட்டமா இருக்கு?" அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை வளர்த்ததில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், லிந்துலைக்கு மேலே. பதினெட்டு வயதுவரை நானும் கொழுந்து பறித்தேன். ஒரு மழைநாளில் கூடையோடு சறுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்ததில், இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் நீட்டியபடியே நின்றுவிட்டன. எவ்வளவு எண்ணெய் போட்டு நீவியும் மடங்கவில்லை. இரண்டு கையாலும் கிள்ளினால்தான் கூடை நிறையும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பிள்ளை மடுவத்துக்கு அனுப்பினார். தாய்மார் மலையில் நிற்கிற நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. தகரக் கூரை, சாணம் மெழுகிய தரை, உத்தரத்தில் வரிசையாகப் பழஞ்சேலைத் தொட்டில்கள். பன்னிரண்டு, பதின்மூன்று பிள்ளைகள். பார்க்க நான் ஒருத்தி.

முதல் மாதம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஒரே நேரத்தில் ஏழு பிள்ளைகள் அழும். ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்குத் தூக்கம், ஒன்றை எறும்பு கடித்திருக்கும். எதற்கு அழுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல்தான் நான் தொட்டிலுக்குத் தொட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அலுத்துப்போய், ஒரு பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அக்காவிடம் கேட்பதுபோலவே கையை மூடித் திறந்து, "பாலா? பாலு வேணுமா?" என்று கேட்டேன். அது அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அதன்பிறகு நான் விடவில்லை. பாலைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கை, கொடுத்த பின் ஒரு தடவை கை. கையைக் காட்டும்போது வாயாலும் சொல்லுவேன். தண்ணீருக்குப் பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோவது. போதும் என்றால் ஒரு உள்ளங்கையால் மற்றதைத் துடைப்பது. இரத்தம் குடிக்கிற அட்டைக்குச் சுட்டுவிரலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி நகர்த்துவது. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குப் பாலுக்கு அடுத்தபடி தெரிந்திருக்க வேண்டிய சொல் அட்டைதான். ஏழாம் மாதத்தில் காட்டத் தொடங்கினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஒன்றும் நடக்காது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள், எதிர்பாராத நேரத்தில், தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து மூடித் திறக்கும். எனக்கு எத்தனை பிள்ளைகள் அப்படிக் கை காட்டியிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு வேடிக்கை. என் பிள்ளைகள் பால் கேட்கும்போது மூன்று விரல்களை மட்டும்தான் மடக்கும். மற்ற இரண்டும் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு என் இடது கையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மடங்காத விரலும் அந்தச் சொல்லில் சேர்ந்தது என்று அவை நினைத்துக்கொண்டன போல.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அக்கா பிள்ளை பெற்றாள். மச்சான், அதாவது அக்காவின் புருஷன், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களில் ஒருவர். அதிகம் பேசமாட்டார். காது கேட்காதவளைக் கட்டிக்கொண்டது அதனால்தான் என்று லயத்தில் சிரிப்பார்கள். வா, போ, சாப்பாடு என்கிற மூன்று கைகளோடு நாலு வருஷம் அவளோடு குடும்பம் நடத்திவிட்டார். அதற்குமேல் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சம். நாலு பேர் பார்க்கக் கையை ஆட்டிக்கொண்டு நிற்பது ஆம்பிளைக்கு அழகில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

பெண் குழந்தை. நன்றாகக் காது கேட்கும். நான் அதன் பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டிப் பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது. அன்று நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து அக்கா பயந்துபோனாள்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாலடி தள்ளி, முதுகுக்குப் பின்னால், தொட்டிலில் பிள்ளை. கடைவீதிக்குப் போன மச்சான் திரும்பி வந்தபோது பிள்ளை அழுது அழுது குரல் கம்மி, முகம் நீலம் பாய்ந்து, விக்கிக்கொண்டு கிடந்தது. தொட்டில் துணி கழுத்தைச் சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மச்சான் அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டி என்ன பிரயோசனம், அவளுக்குக் கேட்கவா போகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணனும் அண்ணியும் அடுத்த லயத்தில் இருந்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதாக அப்போதுதான் முடிவு செய்திருந்தார்கள். திருச்சிப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணி பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு சொன்னாளாம்: "இத எங்கிட்டக் குடுத்துருங்க தம்பி. நாங்க ஊருக்குக் கொண்டுபோயி வளக்குறோம். காது கேக்காதவகிட்ட விட்டுட்டு நீங்க எப்புடி நிம்மதியா மலைக்குப் போவீங்க?"

மச்சான் மறுநாள் மடுவத்துக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பால் சட்டியைக் கீழே போட்டுவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் கடைசியில் ஒன்று சொன்னார்: "நான் என்ன செய்யட்டும்? பயமா இருக்கு. அவங்க போறதுக்கு இன்னும் ஒம்பது மாசம் கெடக்கு. அதுக்குள்ள புள்ள வாயத் தொறந்து அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லிருச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி ஊமையாப் போயிரும், ஊருக்குப் போகட்டும்."

"சரி," என்றேன். ஒன்பது மாதம் எனக்குப் போதும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பிள்ளை அக்காவிடம் திரும்பி வந்ததும், முதலில் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி மறு நுனியை அக்காவின் காலில் கட்டச் செய்தேன். பிள்ளை அசைந்தால் கால் இழுபடும். பிறகு கைகளைத் தொடங்கினேன். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டினால் இதற்குப் பத்துத் தடவை. எட்டாம் மாதத்திலேயே பால் கேட்டது. பத்தாம் மாதத்தில் மழை என்றது, அட்டை என்றது, போதும் என்றது. எங்கள் மடுவத்து வாசலில் நின்றால் எதிரே ஐந்தாம் நம்பர் மலை தெரியும். மற்றக் கொழுந்துக்காரப் பெண்கள் அங்கேயிருந்து, "ஏய், எம்புள்ள பாலு குடிச்சிச்சா?" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள், பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். அக்கா கத்தமாட்டாள். நிமிர்ந்து நின்று ஒரு கையைத் தூக்குவாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். பால் குடித்தாயா என்று அவள் மலையிலிருந்து கேட்பாள். இது இங்கிருந்து, போதும் போதும் என்று உள்ளங்கையைத் துடைத்துக் காட்டும். காது கேட்கிற தாய்மார் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அம்மா என்பதற்கு நான் காட்டிய கைதான் வினையாகப் போயிற்று. சின்ன வயதில் எங்கள் அம்மாவுக்கு நானும் அக்காவும் வைத்திருந்த கை, கொழுந்து கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுவது. எங்களுக்கு அம்மா என்றால் அதுதானே. மடுவத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் அம்மா கொழுந்துக்காரிதான். அதனால் யோசிக்காமல் அதையே எல்லோருக்கும் பழக்கியிருந்தேன்.

ஒருநாள் தோட்டத்துத் துரை மடுவத்தைப் பார்க்க வந்தார். கூடவே கண்டாக்கையா. அது தாய்மார் பால் கொடுக்க வருகிற நேரம். பிள்ளைகள் அம்மாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. துரை வாசலில் வந்து நின்றதும் ஒன்று கிள்ளிப் போட்டது. அதைப் பார்த்து மற்றொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தது, தவழ்ந்தது, தொட்டிலில் கிடந்தது எல்லாம் வெறுங்கையால் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டன. அம்மா, அம்மா, அம்மா என்று கேட்கின்றன. துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்டாக்கையாவிடம் ஏதோ சொன்னார். கண்டாக்கையா என் பக்கம் திரும்பி, "துரைக்கு ரொம்பச் சந்தோஷம். இப்பவே வேலை பழக்கிட்டியாம். பத்து வருஷத்துல எல்லாத்துக்கும் கூடை குடுத்துரலாமாம்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது வேலை இல்லை ஐயா, அம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாயாடி என்று பெயரெடுத்தவள் அன்று வாயடைத்து நின்றேன். மறுநாள் துரை பங்களாவிலிருந்து ஒரு டின் பிஸ்கோத்து வந்தது. வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். நான் ஒன்றுகூடத் தொடவில்லை.

இந்தக் கதை இரண்டு நாளில் லயம் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணி என்னைத் தேடி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. அமைதியாகத்தான் பேசினாள், அதுதான் எனக்கு வலித்தது. "கோவிச்சுக்காதம்மா. தொட்டில்ல கெடக்குறப்பவே கொழுந்து கிள்ளப் பழகுற புள்ள வேற என்னத்துக்கு ஆகும், சொல்லு. எங்ககூட ஊருக்கு வந்தா பள்ளிக்கூடம் போகும். நாலு எழுத்துப் படிக்கும்." அன்று ராத்திரி முழுக்க அம்மாவுக்கு வேறொரு கையை யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் காலையில் அந்தக் கையை மாற்றினேன். அக்காவுக்குச் சிவப்புக்கல் மூக்குத்தி உண்டு. பால் குடிக்கும்போதெல்லாம் பிள்ளை அதைத்தான் பிடித்து இழுக்கும். மூக்கின் பக்கத்தில் விரலை வைப்பதுதான் இனி அம்மா என்று வைத்தேன். அக்காவின் பிள்ளை நாலே நாளில் பிடித்துக்கொண்டது. மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பாடுபட்டும் மாறவில்லை. அவை பேச்சு வருகிறவரை கிள்ளிக் கிள்ளித்தான் அம்மாவைக் கூப்பிட்டன.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியது. இருபது கை வந்துவிட்டது. வாயிலிருந்து வந்ததெல்லாம் "ப்பூ"வும் "தத்தா"வும்தான். எனக்குத் தெரியும், பேச்சு தானாக வரும். என் விஷயத்திலும் தாமதமாகத்தானே வந்தது. ஆனால் நாள் குறித்தாகிவிட்டதே. நான் பிள்ளையை மடியில் வைத்து நாள் முழுக்க "அம்மா, அம்மா" என்று சொல்லுவேன். அது என் வாயைப் பார்க்கும், மூக்கில் விரலை வைக்கும். சரியான பதில்தான், என்ன செய்வது. அந்த நாட்களில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பிள்ளை அடிக்கடித் தன் பிடரியில் தட்டிக்கொள்ளும். வேர்க்குரு என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். போகவில்லை. வேறு மருந்து வாங்கித் தடவினேன். அதற்கும் போகவில்லை.

மச்சான் வைத்த கெடுவை அக்காவிடம் நான்தான் கையால் சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை. அன்றிலிருந்து மாலையில் வேலைவிட்டு வந்ததும் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, உதட்டை மூடித் திறப்பாள், மூடித் திறப்பாள். எனக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறந்ததிலிருந்து மற்றவர்களுடைய உதட்டில் அவள் பார்த்து வைத்திருந்த சொல் அது. அம்மா. சத்தம் என்று ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு எங்கே தெரியும். பிள்ளையும் அவள் செய்ததைப் போலவே உதட்டை மூடித் திறந்தது, சத்தமில்லாமல். நான் வெளியே போய்ப் பைப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்பது மாதமும் போய்விட்டது. விடிந்தால் அண்ணனும் அண்ணியும் தலவாக்கலையில் ரயில்கோச்சி ஏற வேண்டும், பிறகு கப்பல். முந்தின நாள் காலையில் மூன்று பேரும் மடுவத்துக்கு வந்தார்கள். அக்கா மலையில் இருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனும் அண்ணியும் உள்ளே வந்தார்கள். மச்சான் வெளியே படிக்கட்டில் நின்றுவிட்டார்.

அண்ணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அம்மா சொல்லு கண்ணு. அம்மா," என்றாள். பிள்ளை அவள் உதட்டையே பார்த்தது. பிறகு தன் உதட்டை மூடித் திறந்தது. மூடித் திறந்தது. அக்கா காட்டிய மாதிரியே, ஒரு சத்தமும் இல்லாமல்.

"சத்தம் வரலியே," என்றார் அண்ணன்.

"கையால சொல்லும். கையால கேளுங்க," என்றேன் நான்.

"கைக்கதையெல்லாம் வேணாம்மா. வார்த்தைதானே கேட்டது. தம்பிதானே சொன்னான்." அண்ணன் வாசலைப் பார்த்து, "ஏம்ப்பா, உள்ள வா. வந்து ஒரு முடிவு சொல்லு," என்று கூப்பிட்டார்.

மச்சான் உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் பிள்ளை தன் பிடரியில் தட்டிக்கொண்டது. இரண்டு தட்டு.

அவர் முகம் மாறிவிட்டது. ஓடி வந்து பிள்ளையின் தலையைக் குனியவைத்துக் கழுத்தை விரித்து விரித்துப் பார்த்தார். "என்னது இது, அட்டை கடிச்சிருக்கா?"

"ஒன்னுமில்ல மச்சான். ஒரு மாசமாவே இப்புடித்தான். எத்தன எண்ணெய் போட்டாலும் போக மாட்டேங்குது. சாயங்காலம் நீங்க கூப்பிட வர்றப்ப இன்னும் கூடுது. கவ்வாத்துக்கார ஆளுங்க ரோட்டுல போறப்பவும்…"

சொல்லிக்கொண்டே வந்த எனக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் அக்கா கூடையோடு நேரே பெரட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளையை மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது மச்சான். கழுத்தில் உட்காரவைத்து, கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, பனியில் அந்த ஏற்றம் முழுக்க நடந்து வருவார். பிள்ளை அவருடைய பிடரியைத் தட்டிக்கொண்டே வரும். எல்லாக் கையும் எனக்குத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான், பிள்ளை தானாக உண்டாக்கிய ஒரு கைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மச்சான், கொஞ்சம் வெளிய போங்க," என்றேன்.

"ஏன்?"

"போங்கன்னா போங்க. போயி கதவுக்குப் பின்னால நில்லுங்க."

போனார். பிள்ளை கையைக் கீழே போட்டது. "இப்ப வாங்க," என்றேன். வந்தார். இரண்டு தட்டு. "திரும்பப் போங்க." போனார், வந்தார். இரண்டு தட்டு. மூன்றாவது தடவை அவர் வந்தபோது பிள்ளைக்கு இது விளையாட்டாகிவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டியது.

"அது வேர்க்குரு இல்ல மச்சான். அது நீங்க," என்றேன். "அப்பான்னு கூப்புடுது. நான் சொல்லிக்குடுக்கல, சத்தியமா. அதுவாக் கண்டுபுடிச்ச பேரு. நீங்க அது வாயிலேருந்து ஒரு வார்த்தை வரணும்னு நாளெண்ணிக்கிட்டு இருக்கீங்க, அது ஒரு மாசமா ஒங்களத்தான் கூப்புட்டுக்கிட்டு இருக்கு."

மச்சான் மெதுவாகக் கையைக் கொண்டுபோய்த் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். அண்ணியிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார். "புள்ள இங்கயே இருக்கட்டும் அண்ணி. மன்னிச்சுக்குங்க," என்றார்.

அண்ணி உடனே கொடுக்கவில்லை. பிள்ளையின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது. அவள் கேட்டதும் ஒரு பிள்ளைதானே. ஒரு குவளை தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு என்ன செய்யத் தெரியும்.

மச்சான் பிள்ளையைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இங்கயே இருன்னு சொல்றதுக்கு எந்தக் கை?" இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கை. விரல்களை லேசாக மடக்கி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இரண்டு தடவை அமுக்கிக் காட்டினேன். பழக்கத்தில் இடது கையால் காட்டிவிட்டேன்.

அதற்குள் அக்கா பாதி மலை இறங்கிவிட்டிருந்தாள். மூன்று பேர் மடுவத்துக்குள் போனதை அவள் மேலேயிருந்து பார்த்திருக்கிறாள். கூடை முதுகில் குதிக்க, கொழுந்து வழியெல்லாம் சிந்த, கங்காணி பின்னால் கத்தக் கத்த ஓடி வந்தாள். கங்காணி கத்தி என்ன, பீரங்கி வெடித்தாலும் அவள் திரும்பியிருக்கப் போவதில்லை. மடுவத்து வளைவில் வந்து மச்சானைக் கண்டதும் அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது. அவருடைய முகத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மச்சான் நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, கையைத் தூக்கினார். பிள்ளையைக் காட்டினார். மூக்கின் பக்கத்தில் விரலை வைத்து அவளைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழே அமுக்கினார், இரண்டு தடவை. அதிலும் கடைசி இரண்டு விரல்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு, என்னை மாதிரியே.

அக்கா அந்த இரண்டு விரலையும் பார்த்தாள். உடனே என்னை ஒரு முறை முறைத்தாள். இவள் சண்டை பிடித்துச் சொல்லவைத்தாளாக்கும் என்று அந்த முறைப்புக்கு அர்த்தம். திரும்பி மச்சானைப் பார்த்து, உதட்டருகே விரலைக் கொண்டுபோய் வெளியே விரித்துக் கேட்டாள்.

மச்சானுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னதுன்னு கேக்குறா," என்றேன்.

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தலைக்கு மேலே உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கையைத் தூக்கிக் காட்டினார்.